டிரெட்மில்லுக்கும் மருந்துச்சீட்டு வேண்டும்

மறுபரிசோதனைக்காக எங்கள் இதய நோய்ப் பிரிவுக்கு வந்த ஒருவர் நெற்றியில் தையலோடு வந்தார். வயது 58. நான்கு மாதங்களுக்கு முன் இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். அண்மையில்தான் எங்களிடம் டி.எம்.டி. எனப்படும் டிரெட்மில் பரிசோதனையை நல்லபடியாக முடித்துச் சென்றிருந்தார். என்ன நேர்ந்தது என்று கேட்டோம்.

"இங்கே ஒன்பது நிமிஷம் நடந்தேனே டாக்டர், அதே மாதிரிதான் வீட்டிலேயும் வைத்து நடந்தேன்" என்றார்.

அவருடைய மகன் அப்பாவுக்கென்று புதிதாக டிரெட்மில் வாங்கித் தந்திருந்தார். பரிசோதனை அறையில் பார்த்த வேகத்தையும் சரிவையும் நினைவில் வைத்துக்கொண்டு, அதே எண்களை அவர் வீட்டு எந்திரத்தில் அழுத்தியிருக்கிறார். எட்டாம் நிமிடத்தில் தலை சுற்றிக் கால் தடுமாறியது. நெற்றி கைப்பிடியில் இடிபட்டது. ஓடிக்கொண்டிருந்த பட்டை அவரைப் பின்சுவர் வரை தள்ளிச் சென்றது. பாதுகாப்புச் சாவியைச் சட்டையில் மாட்டியிருந்தீர்களா என்று கேட்டதற்கு, "அது ஏதோ கயிறு மாதிரி தொங்கியது, இடைஞ்சலாக இருக்கிறதென்று எந்திரத்திலேயே விட்டுவிட்டேன்" என்றார்.

பிழை அவருடையது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு மாத்திரைக்கும் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, உணவுக்கு முன்பா பின்பா என்று எழுதியிருந்தோம். நடைக்கு மட்டும் ஒரே வரி: "தினமும் 30 நிமிடம் நடக்கவும்." எந்த வேகத்தில், எந்தச் சரிவில், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. அளவு சொல்லாமல் கொடுத்த மருந்து அது. டிரெட்மில்லுக்கும் மருந்துச்சீட்டு வேண்டும் என்று நாங்கள் சொல்லத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

பரிசோதனை வேறு, பயிற்சி வேறு

மருத்துவமனையில் நடக்கும் டிரெட்மில் பரிசோதனை பெரும்பாலும் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் வகுத்த முறையில் செய்யப்படுகிறது. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகமும் 10 சதவீதச் சரிவும் இருக்கும். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டரும் 12 சதவீதமும். அதற்கடுத்த மூன்று நிமிடம் 5.5 கிலோமீட்டரும் 14 சதவீதமும். மூன்று நிமிடத்துக்கொரு முறை வேகமும் ஏற்றமும் சேர்ந்தே கூடும். இதயத்தை வேண்டுமென்றே திணறச் செய்து, மறைந்திருக்கும் குறையை வெளிக்கொணர்வதே இதன் நோக்கம்.

அந்த நேரத்தில் நோயாளியின் மார்பில் இ.சி.ஜி. கம்பிகள் ஒட்டப்பட்டிருக்கும். இரத்த அழுத்தம் அவ்வப்போது அளக்கப்படும். மருத்துவரும் தொழில்நுட்பப் பணியாளரும் கையெட்டும் தூரத்தில் நிற்பார்கள். அவசர மருந்துகளும் இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவியும் அதே அறையில் ஆயத்தமாக இருக்கும். வீட்டுக் கூடத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகவே பரிசோதனையில் எட்டிய உச்சத்தை வீட்டில் மீண்டும் எட்டிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. அந்த உச்சத்துக்கு வெகு கீழே, நாள்தோறும் தொடரக்கூடிய மிதமான அளவே பயிற்சி.

திரை காட்டும் எண்கள்

எந்திரத்தின் முன்திரையில் பல எண்கள் ஒளிர்கின்றன. எல்லா எண்களையும் ஒரே அளவுக்கு நம்பக் கூடாது.

முதலில் வேகம். சில எந்திரங்கள் கிலோமீட்டரில் காட்டும். சில மைலில் காட்டும். மருத்துவர் 3 என்று எழுதியிருக்க, எந்திரம் மைலில் கணக்கிட்டால் நோயாளி மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருப்பார். வாங்கிய அன்றே இதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது சரிவு. வேகத்துக்கு அஞ்சும் பலர் சரிவுக்கு அஞ்சுவதில்லை. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடப்பவர், வேகத்தை மாற்றாமல் சரிவை மட்டும் 10 சதவீதமாக்கினால், உடல் கேட்கும் ஆக்சிஜன் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 5 சதவீதமாக்கினாலே ஒன்றரை மடங்கு ஆகிவிடும். இதய நோயாளிகள் தொடக்கத்தில் சரிவைப் பூஜ்யத்திலேயே வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது நாடித்துடிப்பு. கைப்பிடியில் உள்ள உலோகத் தகடுகளைப் பிடித்தால் திரை ஓர் எண்ணைக் காட்டும். நடக்கும்போது கை அசைவதாலும் வியர்வையாலும் அந்த எண் பிழைபடுவது வழக்கம். இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. பல எந்திரங்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் என்று ஓர் இலக்குத் துடிப்பை முன்வைக்கின்றன. நலமாக உள்ளவர்களிடத்திலேயே இந்தக் கணக்கு பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் முன்பின்னாகும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு அது அடியோடு பொருந்தாது. துடிப்பைக் கட்டுக்குள் வைப்பதே அந்த மாத்திரைகளின் வேலை. திரை சொல்லும் இலக்கை எட்டுவதற்காக அவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், உடல் தாங்காத இடத்துக்குப் போய்விடுவார்கள்.

இவர்களுக்கு நாங்கள் சொல்லும் அளவுகோல் எளியது. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் தவறில்லை. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சிழுக்க நேர்ந்தால் வேகம் மிகுதி.

நான்காவது கலோரி. இது வெறும் மதிப்பீடு. பல எந்திரங்கள் நம் எடையைக் கேட்பதே இல்லை. கைப்பிடியில் உடலைச் சாய்த்துக்கொண்டு நடந்தால் உழைப்பு குறையும். திரையின் கணக்கு குறையாது. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் சமதளத்தில் நடந்தால் செலவாவது சுமார் 90 கலோரி. ஏறக்குறைய இரண்டு இட்லி தரும் ஆற்றல் அவ்வளவுதான். அதை நம்பி இனிப்பு சாப்பிட வேண்டாம். அதைக் கண்டு சலித்து நடையை விட்டுவிடவும் வேண்டாம். நடை தரும் நன்மை கலோரிக் கணக்கோடு முடிவதில்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உறக்கமும் அதனால் சீராகின்றன.

ஐந்தாவது, திரையில் உள்ள ஆயத்தப் பயிற்சித் திட்டங்கள். பி1, பி2 என்று வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் வேகத்தையும் சில வேளைகளில் சரிவையும் எந்திரமே மாற்றிக்கொண்டிருக்கும். 3, 6, 9 என்று நேரடி வேகப் பொத்தான்களும் பல எந்திரங்களில் உண்டு. கை தவறி 9-ஐத் தொட்டால் நடை ஓட்டமாகிவிடும். நோயாளிகள் இவை இரண்டையும் விட்டுவிட்டு, தாமே வேகம் கூட்டிக் குறைக்கும் முறையை மட்டும் பயன்படுத்துவதே முறை.

சிவப்புச் சாவி

எந்திரத்திலேயே விலைமதிப்பற்ற பகுதி எது என்று கேட்டால் நாங்கள் திரையைக் காட்ட மாட்டோம். கயிற்றில் தொங்கும் அந்தச் சிறிய சிவப்புச் சாவியைக் காட்டுவோம். அதன் ஒரு முனை எந்திரத்திலும் மறுமுனையில் உள்ள கிளிப் நடப்பவரின் உடையிலும் இருக்க வேண்டும். நடப்பவர் பின்தங்கினாலோ விழுந்தாலோ சாவி பிடுங்கப்பட்டு மோட்டார் நின்றுவிடும். எந்திரத்திலேயே விட்டுவைத்தால் அது வெறும் அலங்காரம். புடவைத் தலைப்பிலோ துப்பட்டாவிலோ கிளிப்பை மாட்டக் கூடாது. விழும்போது துணி நழுவுமே தவிரச் சாவி பிடுங்கப்படாது. இடுப்புப் பகுதியில் இறுக்கமான உடையில் மாட்ட வேண்டும். தரையைத் தொடும் வேட்டியும் நைட்டியும் பட்டையில் சிக்கக்கூடும். நடைக்கென்று வேறு உடை வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலில் நடக்க வேண்டாம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் உரிந்தாலும் தெரியாது.

அடுத்தது இடம். நம் வீடுகளில் இட நெருக்கடியால் எந்திரத்தின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடுகிறோம். விழுந்தவர் சுவருக்கும் ஓடும் பட்டைக்கும் இடையே சிக்கிக்கொள்வது இதனால்தான். பின்னால் இரண்டு மீட்டராவது வெற்றிடம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லாத வீட்டுக்கு டிரெட்மில் வாங்க வேண்டாம் என்றே சொல்வோம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். ஓடும் பட்டையைத் தொட்ட குழந்தைகளின் உள்ளங்கைகள் உராய்வால் வெந்துபோவது மருத்துவர்கள் நன்கறிந்த காயம். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் எந்திரங்களைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன் ஆறு வயதுக் குழந்தை ஒன்று அந்த எந்திரத்தின் பின்பகுதியில் இழுக்கப்பட்டு உயிரிழந்திருந்தது. தாத்தா நடந்து முடித்ததும் சாவியைக் கழற்றி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். நடக்கும் வேளையில் அறைக்கதவு மூடியிருக்கட்டும்.

ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். பட்டையின் மேல் நின்றுகொண்டு எந்திரத்தை இயக்கக் கூடாது. இருபுறத்து ஓரப் பலகைகளிலும் காலூன்றி, கைப்பிடியைப் பிடித்து, மிகக் குறைந்த வேகத்தில் பட்டை ஓடத் தொடங்கியபின் அதில் கால் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. சட்டென்று நின்றால் கால்களில் இரத்தம் தேங்கி மூளைக்குச் செல்வது குறையும், மயக்கம் வரும். இரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு இது எளிதில் நேரும். நடக்கும்போது கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. மின்சாரம் திடீரென நின்றால் பட்டையும் நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்து, முதியவர்கள் ஒரு கையையாவது கைப்பிடியில் இலேசாக வைத்திருக்கட்டும்.

வெளியில் நடந்தால் என்ன?

இத்தனை எச்சரிக்கை தேவைப்படும் எந்திரம் எதற்கு, தெருவில் நடந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பூங்காவும் நல்ல நடைபாதையும் அருகில் உள்ளவர்களுக்கு நாங்களும் அதையே சொல்கிறோம். ஆனால் நடைபாதையே இல்லாத சாலை, நாய்த் தொல்லை, சித்திரை வெயில், ஐப்பசி மழை ஆகியவற்றுக்கிடையே அறுபதைத் தாண்டியவர்கள் நடையையே விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். வீட்டுக்குள் ஓர் எந்திரம் இருந்தால் அவர்களுடைய நடை தொடர்கிறது. ஆகவே டிரெட்மில் வேண்டாம் என்பது எங்கள் கட்சி அன்று. கடையில் வாங்கிய அன்றே ஏறிவிடக் கூடாது, அளவு கேட்டுக்கொண்டு ஏற வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

கேட்டுப் பெறுங்கள்

அடுத்த முறை வரும்போது மருந்துச்சீட்டின் கீழே ஐந்து வரிகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தொடக்க வேகம் எவ்வளவு? சரிவு எவ்வளவு? எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள்? எத்தனை வாரம் கழித்து, எவ்வளவு கூட்டலாம்? எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும்? மருத்துவர் அவசரத்தில் இருந்தாலும் தயங்காதீர்கள். அதை எழுதித் தருவது எங்கள் கடமை. இதுநாள் வரை எழுதாமல் விட்டது எங்கள் குறை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் ஆறாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: நடப்பதற்கு முன் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும்? பொதுவாக 100-க்குக் கீழே இருந்தால் சிறிது உண்ட பிறகே நடக்கச் சொல்கிறோம்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். எந்திரத்தை வாங்கித் தருவதோடு உங்கள் அன்பு முடிந்துவிடக் கூடாது. முதல் இரண்டு வாரம் அவர்கள் நடக்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். சாவியை எப்படிப் பிடுங்குவது என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், படபடப்பு, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே நிறுத்தி உட்கார வைக்க வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சில நிமிட ஓய்வில் நீங்காவிட்டால், விடியும் வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

தையலோடு வந்த அந்த நண்பர் இப்போதும் டிரெட்மில்லில்தான் நடக்கிறார். மணிக்கு 3 கிலோமீட்டரில் தொடங்கி இப்போது 4-க்கு வந்திருக்கிறார், சரிவு பூஜ்யம். எந்திரம் சுவரை விட்டு நகர்ந்து கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. "வருகிறவர்கள் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று கேட்கிறார்கள்" என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொண்டார். அடைத்துக்கொண்டே இருக்கட்டும் அம்மா என்று சொல்லியனுப்பினோம்.