எழுத்தும் ஒரு தொழிலே

"கருத்து சரியாக இருந்தால் போதும், நடை எப்படி இருந்தால் என்ன?" என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். "நடைதான் இலக்கியம், ஆலைச் சங்குக்கும் கூலிச் சண்டைக்கும் கதையில் என்ன வேலை?" என்று மறுபுறத்தில் சிலர் கேட்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

உழைப்பாளிக்கு இந்த விவகாரத்தில் என்ன அக்கறை என்று யாரும் எண்ண வேண்டாம். ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பும் தொழிலாளியும், நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டு இடுப்பு நோக வரும் பெண்ணும் ஒரு புத்தகத்தைப் பிரிக்கிறார்கள் என்றால், அந்த அரை மணி நேரம் தூக்கத்திலிருந்து பிடுங்கிய நேரம். அதற்குப் பதிலாகப் பதரை அளந்து கொடுப்பது நியாயமா?

இது பற்றி ரஷ்ய நாட்டு எழுத்தாளர் இருவர் தங்கள் அனுபவத்தையே எழுதி வைத்திருக்கிறார்கள். கவிஞர் மயாகோவ்ஸ்கி 1926-ல் கவிதை செய்வது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். மாக்சிம் கார்க்கி 1928-ல் தாம் எழுதக் கற்ற கதையைச் சொன்னார். கவிதை 'செய்வது'! அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வானத்திலிருந்து இறங்குவது அல்ல, கையால் செய்வது.

கார்க்கி கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. செருப்புக் கடையில் எடுபிடி, வோல்கா நதிக் கப்பலில் பாத்திரம் கழுவும் பையன், ரொட்டிப் பட்டறைத் தொழிலாளி - இப்படி வளர்ந்தவர். இளம் வயதில் பிரெஞ்சு எழுத்தாளர் பிளாபேரின் கதை ஒன்றைப் படித்தார். சாதாரண வேலைக்காரி ஒருத்தியின் கதை. வீரதீரம் எதுவும் அதில் கிடையாது. ஆனாலும் நெஞ்சை உலுக்கியது. இதில் ஏதோ மந்திரம் ஒளிந்திருக்கிறது என்று எண்ணி, பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம்! மந்திரம் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு மனிதனின் உழைப்பு.

அதே கார்க்கி 'தாய்' நாவலை எழுதினார். 1907-ல் கட்சிக் காங்கிரசுக்காக லண்டனில் கூடியபோது லெனின் அவரிடம் எடுத்த எடுப்பிலேயே அந்த நாவலின் குறைகளைப் பேசினார். அவசரமாக எழுதிவிட்டேன் என்றார் கார்க்கி. அவசரப்பட்டது நல்லதே, தொழிலாளர்களுக்கு வேண்டிய புத்தகம், காலத்தோடு வந்திருக்கிறது என்றார் லெனின். தேவையான புத்தகம் என்பதற்காகக் குறையை அவர் மூடி மறைக்கவில்லை. குறை இருக்கிறது என்பதற்காகப் புத்தகத்தைத் தள்ளவும் இல்லை. கார்க்கியும் பாராட்டோடு நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள், பதிப்புக்குப் பதிப்பு, அந்த நாவலைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

மயாகோவ்ஸ்கியின் அனுபவமும் இதுவே. 1925 டிசம்பரில் கவிஞர் எசேனின் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய கடைசி வரிகள் பரப்பிய சாவு மயக்கத்தை முறியடிக்க வேண்டும் என்று மயாகோவ்ஸ்கி எழுத உட்கார்ந்தார். நோக்கம் தெளிவு, கருத்தும் தயார். அப்படியிருந்தும் அந்த ஒரு கவிதைக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது! முன்பு வேறொரு கவிதையில், ஒரே ஒரு உவமைக்காக இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, அது அகப்பட்டதும் இருட்டில் எழுந்து, எரிந்த தீக்குச்சியால் சிகரெட் பெட்டியின் மேல் குறித்து வைத்ததையும் அவரே சொல்கிறார்.

உமது கவிதை தொழிலாளிக்கும் விவசாயிக்கும் புரியவில்லை என்று அவரைத் தாக்கியவர்கள் உண்டு. 1928-ல் அவர் பதில் எழுதினார். புத்தகம் மக்களுக்குப் புரிவது பிறவியில் வரும் வரமல்ல, பாடுபட்டு உண்டாக்க வேண்டியது என்பது அவர் வாதம். எழுதியதோடு நில்லாமல், தொழிலாளர் மன்றங்களுக்குச் சென்று தாமே படித்தும் காட்டினார்.

கசப்பான ஓர் உண்மையையும் நாம் மறைக்கக் கூடாது. 1934-ல் நடந்த சோவியத் எழுத்தாளர்களின் முதல் காங்கிரசில் ஐசக் பாபெல் என்ற அருமையான கதாசிரியர் பேசினார். மௌனக் கலையில் தாம் தேர்ந்தவர் என்று தம்மையே கேலி செய்துகொண்டார். 1939-ல் அவர் கைது செய்யப்பட்டார். 1940 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1954-ல் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். போன உயிர் திரும்பவில்லை. விவாதம் வேறு, ஆணை வேறு. லெனின் குறை சொன்னார். திருத்தியது கார்க்கியின் கை. அந்த எல்லை அழிந்த இடத்தில் மனிதனும் அழிந்தான், எழுத்தும் அழிந்தது.

'தாய்' நாவலைத் தமிழில் தந்த தொ. மு. சி. ரகுநாதனே கைத்தறி நெசவாளரின் துயரத்தை வைத்து 'பஞ்சும் பசியும்' நாவலை 1953-ல் எழுதினார். கார்க்கி காட்டிய பாதை நம் ஊர்த் தறி மேடைக்கும் வந்து சேர்ந்தது.

தோழர்களே! இழை அறுந்தால் முடிச்சுப் போடாமல் விடுவீர்களா? களை மண்டிய வயலைப் பார்த்து, விதை நல்ல விதைதானே என்று வரப்பில் உட்கார்ந்திருப்பீர்களா? சொந்த வேலையில் பொறுக்காத குறையை, உங்களுக்காக எழுதப்படும் புத்தகத்தில் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?

சங்கக் கட்டிடத்திலும் களத்து மேட்டிலும் ஒருவர் படிக்க மற்றவர் கேளுங்கள். எழுதியவரை அழைத்து உட்கார வையுங்கள். எந்த இடத்தில் கண் கலங்கியது, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். இப்படி எழுது என்று உத்தரவு போட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த வாழ்க்கையை அவருக்குச் சொல்லுங்கள்.

உங்களில் எழுதத் துடிப்பவர்கள் தயங்காமல் எழுதுங்கள். எழுதிய பிறகு திருத்துங்கள். மறுபடியும் திருத்துங்கள். பாத்திரம் கழுவிய கைதான் 'தாய்' நாவலை எழுதியது என்பதை மறக்க வேண்டாம்.