வாங்க ஒரு படி, விற்க ஒரு படி

புதுவை நகரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கோட்டக்குப்பத்தையும் பொம்மையார்பாளையத்தையும் கடந்தால் பிள்ளைச்சாவடியை அடைவர். மீனவர் குடியிருப்புகள் நிறைந்த ஊர். 2020-ல் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமாக உயர்வு பெற்ற பொறியியல் கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது. அவ்வூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம் உறவுப் பிள்ளை ஒருவர், விடுமுறைக்கு வந்திருந்தபோது நம்மிடம் ஒரு குறிப்பேட்டைத் தந்தார். உடன் தங்கியிருக்கும் கிறிஸ்தவ நண்பரோடு வாதிடுவதற்கென்றே அவர் எழுதி வைத்தது அது. முற்பகுதியில் பைபிளின் முரண்பாடுகள். பிற்பகுதியில் பர்னபாஸ் சுவிசேஷம் என்ற நூலிலிருந்து எடுத்தெழுதிய பகுதிகள். “மாமா, இதில் ஒன்றையாவது அவனால் மறுக்க முடியுமா? பத்திரிகைக்கு அனுப்பி வையுங்கள்” என்றார்.

நாம் அனுப்பவில்லை. காரணத்தை அவருக்கு மட்டும் சொல்லி அமைதியடைய நம்மால் இயலவில்லை. இத்தகைய குறிப்பேடுகள் இன்று நம் வீடுகள் பலவற்றில் இருக்கின்றன. நம் மேடைகள் பலவற்றில் அவையே முழங்குகின்றன. ஆகவே இதனைப் பலரறியச் சொல்ல வேண்டியதாயிற்று.

முற்பகுதியில் குறை காண நமக்கு ஒன்றுமில்லை. மத்தேயு தரும் வமிச வரலாற்றின்படி மர்யம் அம்மையாரின் கணவராகச் சொல்லப்படும் யோசேப்பின் தந்தை யாக்கோபு. லூக்கா தரும் வரலாற்றின்படி ஏலி. மோசே எழுதியதாகக் கருதப்படும் ஐந்நூல்களின் கடைசி அதிகாரம், மோசேயின் மரணத்தையும் அடக்கத்தையும் விவரிக்கிறது. மாற்கு சுவிசேஷத்தின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகள் இரண்டிலுமே இல்லை. திரித்துவத்துக்கு நேர்ச்சான்றாக நெடுங்காலம் காட்டப்பட்ட யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனம் பழைய கிரேக்கப் படிகளில் இல்லை. 1516-லும் 1519-லும் தாம் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் எராஸ்மஸ் அதனைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புகள் எழுந்த பின்னர் 1522-ல்தான் சேர்த்தார். நம் தமிழ்ப் பழைய திருப்புதலில் அவ்வசனத்தை இன்றும் காணலாம். இவையெல்லாம் மெய்.

ஆயின், இவற்றைக் கண்டறிந்தவர்கள் யார்? எராஸ்மஸ் ஒரு கத்தோலிக்கக் குரு. மோசேயின் நூல்களைப் பற்றி மறைமுகமாக ஐயங்களைக் குறித்து வைத்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் இப்னு எஸ்ரா; அதனை 1670-ல் வெளிப்படையாக எழுதியவர் யூதக் குடும்பத்தில் பிறந்த ஸ்பினோசா. சினாய்ப் படியை உலகறியச் செய்த டிஷண்டார்ஃப், பக்தியுள்ள புரோட்டஸ்டண்டு கிறிஸ்தவர். தம் வேதத்தைத் தாமே உரைத்துப் பார்க்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது. அத்துணிவால் விளைந்த விளைச்சலை நாம் அறுத்துக் கொள்வோம், அத்துணிவு மட்டும் நமக்கு வேண்டாம் என்றால், அதற்குப் பெயர் ஆராய்ச்சி அன்று.

இனி ஐயவாதிகளைப் பார்ப்போம். நம் இளைஞரின் குறிப்பேட்டில் வால்டேரின் பெயர் பலமுறை வருகிறது. பிரெஞ்சுக்காரரான அவர் 1778-ல் மறைந்தார். ஒரே இறைவன் உண்டென்பதை மறுத்தவரல்லர். பைபிளையும் திருச்சபையையும் வாழ்நாள் முழுவதும் எள்ளி நகையாடியவர். அவருக்கும் நம் புதுவைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பைபிளை ஐயத்தோடு வாசிப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

1760-ல், இந்தியாவிலிருந்து திரும்பிய மோதாவ் பிரபு என்பவர் வால்டேரிடம் ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப் படியைக் கொடுத்தார். அதன் பெயர் ‘எசூர்வேதம்’. வியாசரும் சுமந்துவும் உரையாடுவதாக அமைந்த நூல். பல தெய்வ வணக்கத்தை மறுத்து ஓரிறைவனைப் போதிப்பது. வால்டேர் பெருமகிழ்ச்சி கொண்டார். மாவீரன் அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வருமுன்னரே எழுதப்பட்ட பழம்பெரும் நூல் இஃது என்று அறிவித்தார். பைபிளின் துணையின்றியே தூய இறைக்கொள்கையை இந்திய ஞானிகள் கண்டனர் என்பதற்கு அதனைச் சான்றாக்கினார். 1761-ல் அப்படியைப் பாரிசின் அரச நூலகத்துக்கு வழங்கினார். புதுவை நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்ததும் அவ்வாண்டு ஜனவரியில்தான். 1778-ல், அவர் மறைந்த அதே ஆண்டில், நூல் அச்சேறியது.

நான்கே ஆண்டுகளில் குட்டு உடைந்தது. இந்தியாவில் பயணம் செய்த சொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரர் 1782-ல் வெளியிட்ட நூலில், இது வேதமன்று, பாதிரியார் ஒருவர் எழுதியது என்று உரைத்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்க முற்பட்ட எல்லிஸ் துரை, புதுவையில் பாதிரிமார் விட்டுச் சென்ற ஏடுகளிடையே இந்நூலின் படியையும் இதைப் போன்ற பிற ‘வேதங்களையும்’ கண்டார். அவரது ஆராய்ச்சி, அவர் இறந்த பின் 1822-ல் வெளிவந்தது. எழுதிய பாதிரியார் யார் என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு; ஏசு சபையைச் சேர்ந்தவர் என்பதில் பெரிதும் ஒற்றுமை உண்டு.

வேடிக்கையைக் கவனியுங்கள். இந்துக்களைக் கிறிஸ்தவத்தின் வாசலுக்கு அழைத்து வரப் பாதிரியார் எழுதிய நூல், கிறிஸ்தவத்தைத் தாக்கும் ஆயுதமாக ஐயவாதியின் கையில் ஏந்தப்பட்டது! மத்தேயுவின் ஒவ்வொரு வரியையும் ஐயுற்ற மனிதர், எசூர்வேதத்தின் வயதை ஐயுறவில்லை. காரணம் ஒன்றே. அது அவர் கேட்க விரும்பியதைச் சொல்லியது. ஐயம் என்பது அறிவின் காவலாளி. தனக்கு வேண்டியவர் வரும்போது மட்டும் உறங்கி விடுகின்ற காவலாளியை எந்த வீட்டில் வைத்துக் கொள்வார்கள்?

பாதிரியாரின் கைவேலையில் வால்டேர் ஏமாந்ததைக் கேட்டு நம் அன்பர்கள் சிரிக்கலாம். சற்றுப் பொறுங்கள். நம் வீட்டு எசூர்வேதம் ஒன்று இருக்கிறது. அதுவே குறிப்பேட்டின் பிற்பகுதி.

பர்னபாஸ் சுவிசேஷம் என்று நாம் இன்று கையாளும் நூலின் முழுமையான பழம்படி, வியன்னா நூலகத்திலுள்ள இத்தாலிய மொழிக் கையெழுத்துப் படியாகும். அது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. 1907-ல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாகியது; மறு ஆண்டே கெய்ரோவில் அரபியில் வந்தது. அதன்பின் உலக முஸ்லிம்களிடையே பரவியது. அந்நூல் என்ன சொல்கிறது? ஈசா நபி (அலை) அவர்கள் கப்பலேறி நாசரேத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். நாசரேத்தோ கடலும் ஏரியும் தொடாத மலைநாட்டு ஊர். யூபிலி ஆண்டு நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக அது பேசுகிறது. தவ்ராத்தின்படி அஃது ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை. நூறாண்டு யூபிலி என்பது போப் எட்டாம் போனிஃபாஸ் 1300-ல் ஏற்படுத்தியது. அதற்கு முன் வாழ்ந்த எவரும் அதை எழுதியிருக்க இயலாது.

இவை போகட்டும். அந்நூலில் ஈசா நபி (அலை) தாம் மஸீஹ் அல்லர் என்கிறார்கள்; முஹம்மது நபி (ஸல்) அவர்களே மஸீஹ் என்கிறார்கள். நம் திருமறையோ ஈசா நபியையே அல்மஸீஹ் என்று பலமுறை அழைக்கிறது! பைபிளை வீழ்த்துவதாக எண்ணி நாம் ஏந்தும் நூல், முதலில் திருமறையின் கூற்றோடு மோதுகிறது. இதை நம் மேடைப் பேச்சாளர்கள் எத்துணைப் பேர் கவனித்திருக்கிறார்கள்? கவனித்தும் பேசுகிறார்கள் எனில், அதனினும் பெரிய பிழை அது.

“பண்டைத் திருச்சபை விலக்கிய நூல்களின் பட்டியலில் பர்னபாஸ் சுவிசேஷம் என்ற பெயர் இருக்கிறதே?” என்பார்கள். ஆம், இருக்கிறது. பெயர்தான் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் நூலும் ஒன்று என்று ஆகிவிடாது. யஜுர் வேதம் என்ற பெயரும் மெய்தான். அதனால் எசூர்வேதம் மெய்யாகிவிட்டதா?

இன்னொன்றும் உண்டு. ஐயவாதிகளிடம் வாங்கும் வாதம், அவர்கள் நோக்கத்தையும் சேர்த்தே கொண்டு வரும். வால்டேர், நம் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தி நாடகம் எழுதி 1741-ல் அரங்கேற்றியவர். தாம் ஏன் கிறிஸ்தவரல்லர் என்று பெர்ட்ராண்டு ரஸ்ஸல் 1927-ல் ஆற்றிய உரையைச் சுயமரியாதை இயக்கத்தார் தமிழில் பெயர்த்துப் பரப்பினர். நம் இளைஞர்களும் அதனை ஆவலோடு எடுத்தாள்கிறார்கள். அவ்வுரையின் முற்பகுதி முழுவதும், இறைவன் உண்டு என்பதற்கான வாதங்களை மறுப்பதே என்பதை அவர்கள் படித்துப் பார்த்தார்களா? ‘கன்னி கருவுறுதல் இயற்கைக்கு மாறானது, ஆகவே பைபிள் கதை’ என்று ஐயவாதி சொல்லும்போது கைதட்டுகின்ற முஸ்லிம், சூரா மர்யத்தை ஓதும்போது என்ன செய்வார்?

பிள்ளைச்சாவடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெற்கே புதுவைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்களைக் கொட்டி அணை நீட்டியபின், வடக்கே உள்ள ஊர்களின் மணலைக் கடல் அரித்துச் செல்லத் தொடங்கிய கதையை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். ஓரிடத்தில் போடும் கல் தம் கரையை என்ன செய்யும் என்று பாராமல் போடுவது, கடலிலும் கேடு, கருத்திலும் கேடு.

“அவர்கள் நம்மைத் தாக்குகிறார்களே, நாம் வாய்மூடி இருப்பதா?” என்று கேட்பர். வாய்மூடி இருக்கச் சொல்லவில்லை. 1854 ஏப்ரலில் ஆக்ரா நகரில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்கள், டாக்டர் வஸீர் கான் துணை நிற்க, ஜெர்மானியப் பாதிரியார் ஃபாண்டரோடு இரண்டு நாட்கள் வாதிட்டார்கள். பாதிரிமார்கள் ஏற்றுக்கொண்ட நூல்களையும், ஐரோப்பியரின் பைபிள் ஆய்வுகளையும் முன்வைத்தே பேசினார்கள். பைபிளின் மூலப்படிகளில் சில இடங்களில் மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பதை ஃபாண்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பின்னர் மௌலானா எழுதிய ‘இள்ஹாருல் ஹக்’ இன்றும் நிலைத்து நிற்கிறது. அதே 1854-ல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். பைபிளைத் தமிழாக்கும் பணியில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று, அந்நூலைக் கரை கண்டபின் எழுதியவர் அவர். இருவருக்கும் பொதுவானது யாது? எதிராளியின் நூலை எதிராளியைவிட நன்றாகப் படித்திருந்தார்கள். நம் இளைஞரோ பைபிளைத் திறந்ததே இல்லை. பிறர் தொகுத்த பட்டியலைப் படியெடுத்தார். இதை அவரே நம்மிடம் ஒப்புக்கொண்டார்.

ஆராய்ச்சிக்கு நாம் அஞ்ச வேண்டியதும் இல்லை. ஸ்பினோசாவுக்கு ஆறு நூற்றாண்டு முன்பே, அந்தலூஸ் நாட்டு இமாம் இப்னு ஹஸ்மு (இறப்பு 1064) தவ்ராத்தின் எண்ணிக்கைகளையும் வரலாற்றையும் கணக்கிட்டுக் கேள்வி எழுப்பினார். அதனினும் பெரிது, நம் இமாம்கள் தம் வீட்டையே சோதனையிட்டது. ஒரு செய்தியை யார் யாரிடம் கேட்டார், அவர் வாய்மையானவரா, நினைவாற்றல் உடையவரா என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்த இமாம் புகாரி அவர்களின் மரபு நம்முடையது. மக்கள் குர்ஆனை ஓதட்டும் என்ற நல்லெண்ணத்தால் சூராக்களின் சிறப்பைப் பற்றி ஹதீஸ் புனைந்தவர்களும் இருந்தார்கள். நோக்கம் நல்லது என்று நம் இமாம்கள் அவர்களை விட்டுவிடவில்லை. பொய்யர் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். இப்னுல் ஜவ்ஸி (இறப்பு 1201) புனைந்த ஹதீஸ்களுக்கென்றே தனி நூல் தொகுத்தார். மார்க்கத்துக்குச் சாதகமான பொய்யையே ஏற்காதவர்களின் வழிவந்தோர் நாம். பர்னபாஸுக்கு மட்டும் கதவு திறந்தது எப்படி?

வேதக்காரர்கள் சொல்பவற்றை மெய்யென்றும் ஏற்காதீர்கள், பொய்யென்றும் மறுக்காதீர்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரி பதிந்திருக்கிறது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத் பணிக்கிறது. நம் குடும்பங்களிற் பல வணிகக் குடும்பங்கள்; ஆகவே சூரத்துல் முதஃப்பிஃபீன் யாரைச் சபிக்கிறது என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவரை! நெல்லுக்கும் அரிசிக்கும் மட்டுமா அந்தச் சட்டம்? சான்றுக்கும் வாதத்துக்கும் கிடையாதா?

குறிப்பேட்டைத் திருப்பித் தரும்போது அந்த இளைஞரிடம் மூன்று செய்திகள் சொன்னோம். பர்னபாஸ் பக்கங்களைக் கிழித்து விடுங்கள். எஞ்சியவற்றை நண்பரின் பைபிளைத் திறந்து, அவரையும் அருகில் அமர்த்திக் கொண்டு, முன்பின் வசனங்களோடு சரிபாருங்கள். அவர் நம் திருமறையைப் பற்றிக் கேள்வி கேட்டால் கோபிக்காமல், அதே படியால் அளந்து விடை தேடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

அவர் முகம் சற்று வாடியது. “அப்படியானால் நான் வாதத்தில் ஜெயிக்க முடியாதே, மாமா” என்றார். ஜெயிக்காமற் போகலாம். ஒரே அறையில், ஒரே அடுப்பில் சமைத்துண்ணும் நண்பரை, பொய்ச் சான்று காட்டி ஜெயிப்பதைவிட, மெய்ச் சான்றோடு தோற்பது ஒரு முஸ்லிமுக்கு இழுக்காகாது. வல்ல அல்லாஹ் நாளை நம்மை விசாரிக்கும்போது, எத்தனை பேரை வாதில் வென்றாய் என்று கேட்பான் என நாம் கருதவில்லை. எந்தப் படியால் அளந்தாய் என்று நிச்சயம் கேட்பான்.