பூச்சின் தடிமனையும் எழுதிக் கொடுங்கள்

பௌடர் கோட்டிங் அடித்த இரும்பு, அடிப்பதற்கு முன் இருந்த அளவில் இருக்காது. இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள், எங்கள் திருத்தணியிலோ அரக்கோணத்திலோ ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்து, மூலையில் கிடக்கும் ரிஜெக்ட் பெட்டியைக் கிளறிப் பார்க்க வேண்டும். அதில் கிடக்கும் பின், புஷ், போல்ட் பலவும் டிராயிங்கில் சொன்ன அளவுக்குச் சரியாகக் கடைந்தவை. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து அனுப்பியவை. கோட்டிங் ஏறிய பிறகு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தவை. கூலியும் போய், இரும்பும் போய், பட்டறைக்குக் கெட்ட பெயரும் சேர்ந்து வந்தவை.

அரக்கோணம் சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்கிறவர்களிடமிருந்து ஜாப் ஒர்க் எடுப்பேன். ஊர் வேலையும் உண்டு. இரண்டு பக்கமும் எனக்கு வரும் வழக்கு ஒன்றுதான்: டிராயிங்கில் 20 மி.மீ. என்று இருக்கும். அந்த 20 கோட்டிங்குக்கு முன்னாலா, பின்னாலா என்று இருக்காது.

இது அற்ப விஷயம் இல்லை. பௌடர் கோட்டிங் சாதாரணமாக 60 முதல் 80 மைக்ரான் தடிமனில் உட்காரும். உருண்டைக் கம்பியில் அது இரண்டு பக்கமும் ஏறுவதால் விட்டம் 120 முதல் 160 மைக்ரான் வரை கூடும். 20 மி.மீ. ஓட்டையில் 20 மி.மீ. தண்டு ஆடாமல் வழுக்கி ஓட வேண்டும் என்றால், ஓட்டைக்கு 21 மைக்ரான்வரை பெரிதாக இருக்க அனுமதி; தண்டு 7 முதல் 20 மைக்ரான்வரை சின்னதாக இருக்கலாம். கணக்கு அவ்வளவு நெருக்கமானது. அதன்மேல் 140 மைக்ரானைக் கொண்டுபோய் ஏற்றினால் தண்டு எங்கே நுழையும்?

மரை இன்னும் மோசம். மரையின் பக்கங்கள் 60 பாகையில் சாய்ந்திருப்பதால், பூச்சின் தடிமன் மரையின் நடு விட்டத்தில் நான்கு மடங்காகக் கூடும். 60 மைக்ரான் பூசினால் 240 மைக்ரான். வழக்கமான 10 மி.மீ. போல்ட்டில், பூச்சுக்கென்று மரையில் விடும் இடைவெளி 32 மைக்ரான். நட்டு முதல் சுற்றிலேயே நின்றுவிடும். சூட்டுத் துத்தநாகத்தில் முக்கிய போல்ட்டுக்கு நட்டைக் கொஞ்சம் பெரிதாக டேப் அடித்து விற்பது உலகமெங்கும் நடப்பில் இருக்கிறது. அந்த யோசனை பௌடர் கோட்டிங்குக்கு மட்டும் ஏன் யாருக்கும் வருவதில்லை?

எனக்குத் தெரிந்த காரணம் பழக்கம்தான். முன்பெல்லாம் இந்தச் சின்னச் சாமான்களுக்கு ஜிங்க் பிளேட்டிங் போடுவார்கள். அது 8, 10 மைக்ரான். அந்தத் தடிமனைக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும் பெரும்பாலும் ஓடிவிடும். பிறகு நிறம் வேண்டும், துரு தாங்க வேண்டும் என்று பௌடருக்கு மாறினார்கள். டிராயிங்கின் ஓரத்தில் 'பிளேட்டிங்' என்பதை அடித்துவிட்டு 'பௌடர் கோட்டிங்' என்று எழுதினார்கள். நடுவில் இருந்த அளவுகளை யாரும் தொடவில்லை.

ஊர் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் திருத்தணியில் இந்தப் பக்கம் திருவள்ளூரிலிருந்தும் அந்தப் பக்கம் நகரி, புத்தூரிலிருந்தும் காவடி எடுத்து ஜனம் வந்து குவியும். சரவணப் பொய்கைப் பக்கம் பூக்கடை போடுகிறவர்கள் மடக்கு ஸ்டாண்டு கேட்பார்கள். மலையடிவாரத்தில் தரை சமமாக இருக்காது என்பதால் கால் நீண்டு குறுக வேண்டும். 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், உள்ளே 21 மி.மீ. இடம். அதில் 20 மி.மீ. குழாய் நுழைய வேண்டும். ஒரு மி.மீ. தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் வெளிக்குழாயின் உள்ளே வெல்டிங் தையல் ஒரு கோடாகப் புடைத்துக்கொண்டிருக்கும். அது அரை மி.மீ. தின்றுவிடும். மீதி அரையில்தான் கோட்டிங் வந்து உட்காருகிறது.

அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பௌடர் மின்னேற்றத்தால் ஒட்டுவது. குழாயின் உள்ளே ஆழமாகப் போகாது. வாய்ப்பக்கம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். விளிம்புகளில் வழக்கத்தைவிடத் தடியாக ஏறும். ஆகவே வாய் இறுகியிருக்கும், உள்ளே தொளதொள என்று இருக்கும். கடைக்காரர் சுத்தியால் தட்டி நுழைப்பார். வாயிலிருக்கும் பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். ஆடி மழை ஒன்று போதும், பெயர்ந்த இடத்திலிருந்து துரு கிளம்பிவிடும். பிறகு "கோட்டிங் சரியில்லை" என்று கோட்டிங்காரர் தலையில் விழும். கோட்டிங்காரர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்.

இப்படிப்பட்ட ஒரு வாடிக்கையாளர், ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, கோட்டிங் ஆனப்புறம் பைப்பை ஒரு சைசிங் டைக்குள்ள விட்டு இழுத்துட்டா அளவுக்கு வந்துடாதா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அந்த முறை உண்மையிலேயே ஓரிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இலக்குச் சுடும் பழக்கமுள்ளவர்கள் துப்பாக்கிக்கு ஈயக் குண்டைத் தாங்களே வார்த்து, அதன்மேல் பௌடர் கோட்டிங் ஏற்றுகிறார்கள். ஈயம் 327 டிகிரியில்தான் உருகும். பௌடர் 200 டிகிரிக்குள் வெந்துவிடும். குண்டும் கெடாது, ஈயமும் குழலில் அப்பாது. பூச்சால் பருத்த குண்டைப் பாலிஷ் செய்த ஒரு டைக்குள் அழுத்தித் தள்ளி அளவுக்குக் கொண்டுவருவார்கள். டையை எந்த அளவில் வாங்குவது என்று தீர்மானிக்கும் முன் குழலை அளப்பார்கள். டையின் வாய் கூராக இருந்தால் பூச்சைச் சீவிவிடும் என்பதால் அதைச் சரிவாக்கி வழவழப்பாக்குவார்கள்.

அங்கே அது நடப்பதற்குக் காரணம் ஈயம் மெத்தென்றது. டை அழுத்தும்போது பூச்சு அப்படியே இருக்க, அடியிலுள்ள ஈயம் சுருங்கிக் கொடுக்கிறது. இரும்புக் குழாய் கொடுக்காது. டைக்குள் தள்ளினால் பூச்சுதான் உரியும். இதை அவருக்கு ஒரு துண்டுக் குழாயில் செய்தே காட்டினேன். இன்னொன்று, நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது ஏழாண்டுக்குக் குறையாத சிறைக்கான குற்றம். குண்டுக்கு டை கடைந்து கொடு என்று யாராவது வந்தால் பட்டறைக்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்தக் குண்டு வேலையில் எனக்குப் பிடித்தது வேறு. கடைசியில் எந்த அளவு வேண்டும் என்று முதலில் அளந்துகொண்டுதான் மற்றதைத் தொடங்குகிறார்கள். பூச்சு கூட்டும் பருமன் ஆரம்பத்திலேயே கணக்கில் இருக்கிறது. பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்கள் காட்டும் இந்த அக்கறையை, லட்சக்கணக்கில் உதிரி பாகம் வாங்கும் கம்பெனிகள் காட்டக் கூடாதா?

வழி கடினமானது இல்லை. 70 மைக்ரான் பூச்சோடு 20 மி.மீ. தண்டு வேண்டுமானால் 19.86-க்குக் கடைந்தால் போதும். ஓட்டையென்றால் அதே அளவு பெருக்க வேண்டும். இறுக்கமாக ஓட வேண்டிய இடத்தையும் மரையையும் சிலிக்கான் அடைப்பானோ சூடு தாங்கும் பச்சை டேப்போ வைத்து மூடிவிட்டால் பூச்சே ஏறாது. மூடாமல் அனுப்பிவிட்டு, வந்தபின் டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்வது எங்கும் நடக்கிறது. அவசரத்துக்குச் சரி. ஆனால் பூச்சு கிழிந்த இடத்தில் இரும்பு வெளியே தெரியும். எதற்காகப் பூசினோமோ அது போய்விடுகிறது.

மூடுவதற்குக் கூலி ஆகும். கணக்கிட்டுக் கடைய, கோட்டிங் எவ்வளவு தடிமன் என்று தெரிய வேண்டும். இரண்டையும் ஆர்டர் கொடுப்பவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்லாமல் விட்டதன் நஷ்டத்தை, ரிஜெக்ட் என்ற பெயரில் இரண்டு லேத்தும் நான்கு ஆட்களும் வைத்திருப்பவன் சுமப்பது அநியாயம். கோட்டிங்குக்கு முன் நாங்கள் எடுத்த அளவையும், பின் அவர்கள் எடுத்த அளவையும் ஒரே தாளில் எழுதாமல் எந்தச் சரக்கையும் திருப்பி அனுப்பக் கூடாது.

ஐடிஐ ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டர்னர், ஃபிட்டர் பையன்களுக்கு ஃபிட், டாலரன்ஸ் எல்லாம் நன்றாகச் சொல்லித்தருகிறீர்கள். அதே பாடத்தில் கோட்டிங் அடித்த ஒரு போல்ட்டையும் ஒரு நட்டையும் கையில் கொடுத்துத் திருகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

கம்பெனிகளில் டிராயிங் போடும் தம்பி, தங்கைகளே, அளவுக்குப் பக்கத்தில் 'கோட்டிங்குக்குப் பின்' என்றும், எத்தனை மைக்ரான் என்றும், எந்த இடத்தில் பூச்சு கூடாது என்றும் எழுதி அனுப்புங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.