விழுந்தால் எழும் பட்டம் எது?



2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூரின் தேசிய தினம். அதே நாளில், பிரான்சின் மார்செய் நகரக் கடலில், 17 வயதுச் சிங்கப்பூர் இளைஞர் மேக்ஸ் மேடர் பாரிஸ் ஒலிம்பிக்கின் பட்டச்சறுக்குப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். கைட்சர்ஃபிங் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் இந்த விளையாட்டில், வீரர் இடுப்புக் கச்சையோடு ஒரு பெரிய பட்டத்தைப் பிணைத்துக்கொண்டு, காலடியில் பலகையோடு கடல்மீது விரைகிறார். ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது அதுவே முதன்முறை.

நம் அண்டை நாட்டுப் பிள்ளை ஒருவன் பட்டம் விட்டுப் பதக்கம் வாங்கினான் என்ற செய்தி இங்குள்ள பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனத்தில் பதியாமல் போகுமா? எங்கள் கெலுகோர் வட்டாரத்திலும் பதிந்தது. தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்று இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கும் மாணவன் ஒருவனின் தந்தையார் அண்மையில் என்னிடம் கேட்டார்: "டீச்சர், பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பழைய ஃபாயில் பட்டம் ஒன்று மலிவாக வருகிறது. ஒலிம்பிக்கில் பறந்ததும் அந்த வகைதானே? வாங்கிவிடலாமா?"

என் அண்ணன் மகன் குவாந்தான் அருகிலுள்ள பாலோக் கடற்கரையில் இவ்விளையாட்டைப் பயின்றபோது, துணைக்குச் சென்று மூன்று நாள் கரையில் அமர்ந்து கவனித்தவள் நான். அதன்பின் இதைப்பற்றித் தேடித் தேடிப் படித்தும் வருகிறேன். எனவே விடை சொல்லத் தயங்கவில்லை. "வேண்டாம் ஐயா. தொடக்கநிலைப் பிள்ளைக்குக் காற்றடைத்த பட்டமே ஏற்றது" என்றேன். அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதை விரிவாக எழுதுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பிள்ளையின் உயிரோடு தொடர்புடைய முடிவு இது. விலையை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாதது.

இரு வகைப் பட்டங்கள்

காற்றடைத்த பட்டத்தின் முன்விளிம்பில் ஒரு பருத்த குழாய் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிச் சில சிறு குழாய்கள் செல்லும். கரையிலேயே பம்பு கொண்டு இவற்றில் காற்றை நிரப்பி அடைத்துவிடுவார்கள். மூங்கில் பட்டத்தில் ஈர்க்கு செய்யும் வேலையை இங்கே காற்றுக்குழாய் செய்கிறது. துணி ஒற்றைப் படலம்தான்.

ஃபாயில் பட்டத்தில் குழாயோ குச்சியோ எதுவுமே இல்லை. மேலும் கீழுமாக இரண்டு துணிப் படலங்கள். இடையில் தடுப்புகள் தைத்துப் பல அறைகள். முன்புறத் துளைகள் வழியே காற்று புகுந்து அறைகளை நிரப்ப, பட்டம் விமான இறக்கையின் வடிவம் பெறுகிறது. நீரில் பயன்படும் வகையில் காற்று எளிதில் வெளியேறாதபடி துளைகளில் தடுப்பு மடல்கள் இருக்கும். துணியின் அடியில் மெல்லிய கயிறுகள் பல கிளைகிளையாகப் பிரிந்து செல்லும்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பலகையின் அடியில் நீருக்குள் அமிழ்ந்திருந்து பலகையையே மேலே தூக்கும் சிறகுக்கும் ஃபாயில் என்றே பெயர். ஒலிம்பிக் வீரர்கள் மேலே ஃபாயில் பட்டம், கீழே ஃபாயில் பலகை என இரண்டையும் பயன்படுத்தினர். விற்பவர் "ஃபாயில்" என்று சொன்னால், எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுத் தெளியுங்கள்.

ஃபாயில் பட்டத்தின் சிறப்புகளை நான் மறுக்கவில்லை. எடை குறைவு, மடித்தால் ஒரு முதுகுப்பையில் அடங்கும், பம்பு தேவையில்லை, மெல்லிய காற்றிலும் பறக்கும், காற்றை எதிர்த்துச் செல்வதில் வல்லது. பந்தயத்தில் அது வெல்வதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் பந்தய வீரர் தம் பட்டத்தை அடிக்கடி நீரில் போடுவதில்லை. கற்கும் பிள்ளையோ ஒரு மணி நேரத்தில் பத்து முறை போடுவான்.

அப்போது என்ன நிகழும்? காற்றடைத்த பட்டம் மிதக்கும். கட்டுப்பாட்டுக் கழியை இழுத்து அதை ஓரமாகத் திருப்பினால் காற்றைப் பிடித்து மீண்டும் எழும். எழாவிட்டாலும் குழாயில் காற்று இருக்கும்வரை அது ஒரு தெப்பம். அதைப் பற்றிக்கொண்டு கரை சேரும் முறையைப் பயிற்சியிலேயே கற்றுத்தருகிறார்கள். ஃபாயில் பட்டத்தையும் நீரிலிருந்து எழுப்ப முடியும். பின்கயிறுகளை இழுத்துப் பின்புறமாக எழச் செய்யத் தேர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தாமதித்தால் அறைகளுக்குள் நீர் ஏறத் தொடங்கும். அலையில் புரண்டால் கிளைக்கயிறுகள் சிக்கிக்கொள்ளும். நீர் குடித்த துணியையும் சிக்குண்ட கயிறுகளையும் வைத்துக்கொண்டு நடுக்கடலில் தத்தளிக்கும் நிலைக்கு எந்தப் பிள்ளையையும் நாம் தள்ளலாமா?

பிறந்த கதையே விடை சொல்லும்

பட்டத்தின் இழுவிசையைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர்களுள் ஒருவர் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதை அறிவீர்களா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளியாசிரியர் ஜார்ஜ் போக்காக், பட்டங்கள் இழுக்கும் வண்டி ஒன்றை உருவாக்கி 1826இல் காப்புரிமை பெற்றார்.

ஃபாயில் பட்டத்தின் மூலவடிவத்தை அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் 1964இல் உருவாக்கினார். அவர் வகுத்த வடிவமே இன்றைய சதுர வான்குடைகளுக்கும் அடிப்படை. அஃதாவது அது வானத்துக்கென்றே பிறந்தது. காற்றடைத்த பட்டத்தின் கதை வேறு. பிரான்சின் பிரித்தானி கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெய்னு என்னும் சகோதரர்கள், நீரில் விழுந்த பட்டத்தை மீண்டும் எழுப்புவது எப்படி என்னும் சிக்கலோடு போராடினர். அதற்கு அவர்கள் கண்ட விடைதான் காற்றுக்குழாய். 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1990களின் பிற்பகுதியில் அவர்களுடைய பட்டம் சந்தைக்கு வந்தபின்னரே இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது.

ஆக, ஒன்று பறத்தலைக் கருதிப் பிறந்தது. மற்றொன்று விழுதலைக் கருதிப் பிறந்தது. கற்பவனுக்கு எது வேண்டும்?

பினாங்குக் காற்றும் ஒரு கணக்கும்

மேற்குறித்த தந்தையார் ஒரு வலுவான எதிர்வாதம் வைத்தார். "பினாங்கில் பெரும்பாலும் மெல்லிய காற்றுதானே? மெல்லிய காற்றில் பறப்பது ஃபாயில் பட்டம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் நமக்கு ஏற்றது அதுதானே?"

கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால் மலாக்கா நீரிணையில் வாழும் நமக்குச் சுமத்திராக் காற்று தெரியும். ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ காலையிலோ, கருமேக வரிசை ஒன்று சுமத்திராப் பக்கமிருந்து வரும். அமைதியாக இருந்த கடலில் சில நிமிடங்களில் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பட்டத்தின் இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு; வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றில் பறக்கவேண்டுமென்று ஒருவன் மிகப் பெரிய பட்டத்தை ஏற்றியிருக்கிறான். (ஒலிம்பிக் வகையில் 20 சதுர மீட்டரைத் தாண்டியவையும் உண்டு.) காற்று 45 கிலோமீட்டராகிறது. அவன் இடுப்பை இழுப்பது முன்பிருந்ததைப்போல் ஒன்பது மடங்கு! கழியைத் தள்ளி விசையைக் குறைக்கலாம்; அவசர விடுவிப்பானை அழுத்திப் பட்டத்தைக் கழற்றலாம். பழகிய கை அதை நொடியில் செய்யும். புதியவனின் கை அஞ்சிக் கழியை இறுகப் பற்றும். பற்றினால் விசை இன்னும் கூடும்.

எனவே மெல்லிய காற்று என்பது பெரிய பட்டத்தை வாங்குவதற்கான காரணம் ஆகாது. காற்று சீராக உள்ள இடத்தைத் தேடிச் செல்வதற்கான காரணமே ஆகும். மேலும், எங்கள் கெலுகோர்க் கரையில் நின்று பாருங்கள். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் ஒருபுறம். கப்பல்களும் படகுகளும் மறுபுறம். தெற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம். இருபது மீட்டருக்கும் மேல் நீளும் கயிறுகளோடு பழகுவதற்கு இது இடமன்று.

காற்று வேண்டுமென்றால் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையின் பாலோக்கிற்கோ செராத்திங்கிற்கோ செல்லலாம். வசதியுள்ளோர் இலங்கையின் கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் செல்கின்றனர். தமிழகத்தின் இராமேசுவரத்திலும் பயிற்சி உண்டு. அங்கெல்லாம் ஆண்டில் இரு பருவங்களிலும் காற்று கிடைக்கிறது. ஆழமற்ற, அலையடங்கிய நீரும் உண்டு. அங்குள்ள பயிற்றுநர்களோடு தமிழிலேயே பேசிக் கற்க வாய்ப்புண்டு என்பது நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் நன்மை.

படிப்படியாக

ஃபாயில் பட்டத்தைப் பிள்ளைகள் தொடவே கூடாது என்கிறேனா? இல்லை. பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் முதல் பாடமே ஒரு சிறு ஃபாயில் பட்டத்தோடுதான் தொடங்குகிறது. இரண்டு மூன்று சதுர மீட்டர் அளவில், மணல்மீது நின்று, காற்று எங்கே வலுக்கிறது எங்கே தளர்கிறது என்று உணர்வதற்கு அது மிக ஏற்றது. தரையில் விழுந்தால் உடைவதற்கு அதில் ஒன்றுமில்லை. அடுத்த படி, நீரில் காற்றடைத்த பட்டம். பல பருவங்கள் கடந்து, பட்டத்தை விழாமல் காக்கும் திறன் வந்தபின், விருப்பமிருந்தால் பெரிய ஃபாயில் பட்டம்.

மேக்ஸ் மேடரும் ஒரே நாளில் ஒலிம்பிக் பட்டத்தின்கீழ் நிற்கவில்லை. இந்தோனேசியாவின் வாக்கத்தோபித் தீவுகளில் சிறுவயதிலேயே இவ்விளையாட்டைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் கடலில் வளர்ந்தவர் அவர். நாம் பதக்க மேடையைத்தான் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

ஒன்றாம் ஆண்டு மாணவன் கையில் நாம் ஏன் பென்சிலைக் கொடுக்கிறோம்? பேனா தாழ்ந்தது என்பதாலா? அவன் பிழையாக எழுதுவான், அழித்து மீண்டும் எழுத வேண்டும் என்பதால். இதை அறிந்த ஆசிரியர்களும் பெற்றோர்களுமே, பிற துறைகளில் மட்டும் வெற்றியாளரின் கருவியைத் தொடக்கத்திலேயே பிள்ளைக்கு வாங்கித் தந்துவிடுகிறோம். பயிற்சி நூல்கள், துணைப்பாட வகுப்புகள், இசைக்கருவிகள் என எதிலும் இந்த அவசரத்தைக் காண்கிறேன்.

வாங்கும் முன் கவனிக்க

1. பயிற்சி முடியும்வரை எதையும் வாங்காதீர்கள். பயிற்சிப் பள்ளியே கருவிகளைத் தரும். புதிய முழுத் தொகுதிக்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். பிள்ளையின் ஆர்வம் நிலைக்குமா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

2. பழைய காற்றடைத்த பட்டமானால், குழாயில் காற்றை நிரப்பிச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். காற்று இறங்கினால் உள்ளிருக்கும் பையிலோ அடைப்பானிலோ கசிவு உள்ளது.

3. 2005ஆம் ஆண்டையொட்டி வில்வடிவப் பட்டங்கள் வந்தபின்னரே விசையைப் பெருமளவு குறைக்கும் வசதி பரவியது. அதற்கு முந்தியவை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

4. அவசர விடுவிப்பானைப் பிள்ளையே, கண்ணை மூடிக்கொண்டு இயக்கிக் காட்டட்டும். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் கட்டாயம்.

5. கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றில் இறங்கவே கூடாது.

வகுப்பறைக்கும் கொண்டு செல்வோம்

"பணக்காரர் விளையாட்டு நமக்கெதற்கு?" என்று கேட்போரும் உண்டு. பட்டம் நமக்குப் புதிதா என்ன? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நடைபெறும் பட்டத் திருவிழா உலகறிந்தது. அங்கு விண் பூட்டிய பட்டம் வானில் ஒலிப்பதைப்போலவே, கிளந்தானின் வாவ் பூலான் பட்டமும் தன் தலைமேல் கட்டிய வில்லால் ஒலிக்கிறது. இவ்விரண்டையும் அறிந்த பிள்ளைக்குக் கடல்மீது பறக்கும் பட்டமும் உறவுதான்.

ஆசிரியர்கள் அறிவியல் பாடத்தில் ஒன்று செய்து பார்க்கலாம். மூங்கில் குச்சியும் தாளும் கொண்டு ஒரு பட்டம்; குச்சியே இல்லாமல் நெகிழிப் பையால் ஒரு பட்டம். இரண்டையும் திடலில் பறக்கவிட்டு, பின்னர் ஒரு வாளி நீரில் போட்டு எடுத்து, எது மீண்டும் பறக்கிறது என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். செலவு ஐந்து ரிங்கிட்டைத் தாண்டாது.

அந்தத் தந்தையார் இறுதியில் பழைய பட்டத்தை வாங்கவில்லை. வரும் பருவக்காற்றுக் காலத்தில் மகனைப் பாலோக்கிற்கு அழைத்துச் சென்று, முறைப்படி பயிற்சியில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இதே வினா எழுந்தால், "எது வேகமாகப் பறக்கும்?" என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். "என் பிள்ளை இதை நடுநீரில் போட்டுவிட்டால் அவனே எழுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். நேரான விடை வரவில்லையென்றால், பணப்பையை மூடிக்கொண்டு வீடு திரும்புங்கள்.