பிரஷர் ஏறியதற்குக் குளிசையை நிறுத்தலாமா?

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து, ஐந்து வருடத்துக்கென்று ஹோர்மோன் குளிசை தொடங்கிய பெண்ணுக்கு ஒரு நாள் பிரஷர் 160 என்று காட்டுகிறது. கொக்குவிலில் மட்டுமல்ல, யாழ். குடாநாட்டின் எந்த ஊரிலும் அப்போது காதில் விழும் தீர்ப்பு ஒன்றுதான்: "உந்தக் கான்சர் குளிசைதான் பிரஷரைக் கிளப்பினது, அதை விட்டால் எல்லாம் சரிவரும்." இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. பிரஷருக்குக் குளிசைதான் காரணம் என்பது முதலாவது. நிறுத்தினால் பிரஷர் இறங்கிவிடும் என்பது இரண்டாவது. வருத்தம்தான் மாறிவிட்டதே, நிறுத்துவதால் நட்டம் ஒன்றுமில்லை என்பது மூன்றாவது. முதலாவதில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் அந்தச் சிறு உண்மையின் தோளில் ஏறி நிற்பவை. ஆகவே அதன் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஹோர்மோன் குளிசை என்று பொதுவாகச் சொல்லப்படுபவை எல்லாம் ஒரே மருந்தல்ல. தமொக்சிபென் 1973 இல் பிரித்தானியாவில் பாவனைக்கு வந்தது. மார்பகக் கலங்களில் ஈஸ்ட்ரஜன் போய்ப் பொருந்தும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும்; எலும்பிலும் கருப்பையிலும் ஓரளவு ஈஸ்ட்ரஜனைப் போலவே வேலை செய்யும். அனஸ்ட்ரசோல், லெட்ரசோல், எக்செமெஸ்டேன் ஆகியவை வேறு வகை. மாதவிடாய் நின்ற பின்பும் கொழுப்பிழையங்களில் சிறிதளவு ஈஸ்ட்ரஜன் உற்பத்தியாகிறது. அதற்கு உதவும் அரோமற்றேஸ் என்ற நொதியைத் தடுத்து, உடலில் எஞ்சியிருக்கும் ஈஸ்ட்ரஜனையும் இவை ஏறக்குறைய இல்லாமற் செய்துவிடுகின்றன. ஈஸ்ட்ரஜனோ இரத்தக் குழாய்களை இளக வைப்பது, அவற்றைச் சுருக்கும் சுரப்புகளைக் கட்டுக்குள் வைப்பது. எனவே இந்த இரண்டாம் வகைக் குளிசைகளால் குருதி அமுக்கம் சற்று ஏறலாம் என்பதில் வியப்பில்லை. தமொக்சிபென்னின் மேல் அதே பழியைப் போடுவதற்கு அவ்வளவு நியாயம் கிடையாது. "எந்தக் குளிசை?" என்று கேளாமலே சொல்லப்படும் தீர்ப்பு அந்த இடத்திலேயே பாதி வலுவை இழந்துவிடுகிறது.

சரி, எவ்வளவு ஏறும்? மாதவிடாய் நின்ற பெண்களில் அனஸ்ட்ரசோலையும் தமொக்சிபென்னையும் ஒப்பிட்ட 'அற்றாக்' என்ற பெரிய ஆய்வில், உயர் குருதி அமுக்கம் பதிவானவர்கள் அனஸ்ட்ரசோல் எடுத்தோரில் 13 வீதம், தமொக்சிபென் எடுத்தோரில் 11 வீதம். பிரஷரைக் கூட்டியது அனஸ்ட்ரசோலா, குறைத்து வைத்தது தமொக்சிபென்னா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். அதற்கு 2014 இல் வெளியான 'ஐபிஸ் 2' ஆய்வு விடை தருகிறது. புற்றுநோய் வராத, ஆனால் வரும் ஆபத்து அதிகமுள்ள பெண்களில் ஒரு சாராருக்கு அனஸ்ட்ரசோலும் மறு சாராருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். கீமோவும் இல்லை, புற்றுநோயாளி என்ற பயமும் இல்லை. குளிசையின் வேலை மட்டுமே தெரியக்கூடிய நிலை. உயர் குருதி அமுக்கம் முறையே ஏறத்தாழ 5 வீதம், 3 வீதம். இரண்டு ஆய்வுகளும் சொல்வது ஏறக்குறைய ஒன்றையே: நூறு பெண்களில் இரண்டு பேர் அளவுக்குக் குளிசையின் பங்கு இருக்கலாம். பங்கு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பிரஷர் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் குளிசை எடுக்காமல் விட்டிருந்தாலும் அது வந்திருக்கும் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

"முன்னர் இல்லாத பிரஷர் இப்போது எப்படி வந்தது?" என்பது நியாயமான கேள்வி. முன்னர் இல்லை என்பது எப்படித் தெரியும் என்ற எதிர்க்கேள்வியும் அதேயளவு நியாயமானது. இலங்கையில் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் குருதி அமுக்கம் இருப்பதாகத் தேசிய மட்டக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஐம்பது வயதைக் கடந்தோரில் அது இன்னும் கூடுதல். தலையிடியோ தலைச்சுற்றோ இல்லாமல் வருடக்கணக்காக இருந்துவிடக்கூடிய வருத்தம் அது. புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான் பலருக்கு ஒழுங்காகப் பிரஷர் பார்க்கப்படுகிறது. பார்க்கத் தொடங்கிய காலத்தை வருத்தம் தொடங்கிய காலமாக எடுத்துக்கொள்ளும்போது, பழைய வருத்தம் புதிய குளிசையின் கணக்கில் ஏறிவிடுகிறது. போதாததற்கு, பஸ்ஸில் நின்று பயணம் செய்து, கிளினிக் வரிசையில் காத்திருந்து, என்ன சொல்வார்களோ என்ற படபடப்போடு கையை நீட்டும்போது வரும் எண் எப்போதும் நம்பத்தக்கதல்ல. ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, வேறு வேறு நாட்களில் அளந்து, கிளினிக்கில் 140/90 க்கு மேலும் வீட்டில் 135/85 க்கு மேலும் தொடர்ந்து நின்றால்தான் அதைப் பிரஷர் என்று உறுதியாகச் சொல்வார்கள்.

உறுதியான பின்பும் பழியைச் சுமக்க வேண்டிய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அனஸ்ட்ரசோல் போன்ற குளிசைகளால் மூட்டு நோ வருவது மிகச் சாதாரணம். அந்த நோவுக்குப் பார்மசியில் சொல்லி வாங்கிப் போடும் டைக்குளோபெனக், இபுபுரோபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கிக் குருதி அமுக்கத்தைக் கூட்டக்கூடியவை. உடம்பு எரிவுக்காகச் சிலருக்குக் கொடுக்கப்படும் வென்லபக்சீனும் கூடிய அளவில் அதையே செய்யும். கீமோவோடு கொடுத்த ஸ்டீரொயிட், சிகிச்சைக் காலத்தில் கூடிய உடல் எடை, இளம் வயதிலேயே மாதவிடாய் நின்றுபோனது என்று பட்டியல் நீளும். "கைமருந்துக்குப் பக்கவிளைவு இல்லை" என்பவர்கள் அதிமதுரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தொடர்ந்து கூடுதலாக எடுத்தால் பொட்டாசியத்தை இறக்கிப் பிரஷரை ஏற்றும் என்பது நன்கு நிறுவப்பட்ட ஒன்று. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் வழியாக உள்ளே போகும் உப்பைப் பற்றித் தனியே சொல்லவும் வேண்டுமா? உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. இவற்றில் பெரும்பாலானவை, புற்றுநோய் மருந்தைத் தொடாமலே திருத்தக்கூடியவை.

இரண்டாவது கூற்றுக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது, "இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தோம், பிரஷர் இறங்கிவிட்டது" என்பது. மருந்து உடலில் நிற்கும் காலமே இதை மறுத்துவிடும். தமொக்சிபென்னின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஐந்து முதல் ஏழு நாள் வரை எடுக்கிறது. அனஸ்ட்ரசோலுக்கு ஏறத்தாழ இரண்டு நாள். முழுதாக வெளியேற வாரங்கள் செல்லும். இரண்டு நாளில் இறங்கிய பிரஷரை இறக்கியது குளிசையை விட்டது அல்ல. மிகக் கூடிய எண் வந்த நாளுக்குப் பிறகு மறுபடி அளந்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் குறைந்த எண்தான் வரும். ஏற்ற இறக்கம் அதன் இயல்பு.

மூன்றாவது கூற்றுத்தான் ஆபத்தானது. ஹோர்மோன் ஏற்பியுள்ள மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு பத்து, பதினைந்து வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. ஐந்து வருடம் தமொக்சிபென் எடுத்தால் முதற் பத்தாண்டில் நோய் திரும்புவது ஏறத்தாழ 40 வீதத்தாலும், அந்த நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காலும் குறையும் என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஒக்ஸ்போர்ட்டில் செய்யப்பட்டு 2011 இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. மாதவிடாய் நின்றவர்களில் அரோமற்றேஸ் தடுப்பான்கள் அதையும் விடச் சற்று மேலானவை. குளிசையை இடையில் விடுவது நமது ஊரின் பழக்கம் மட்டுமல்ல. கலிபோர்னியாவில் 8,769 பெண்களைப் பின்தொடர்ந்து 2010 இல் வெளியான ஆய்வில், உரிய ஒழுங்கோடு முழுக் காலமும் எடுத்து முடித்தவர்கள் 49 வீதத்தினரே. இடையில் விட்டவர்களிடையே இறப்புக் கூடுதலாக இருந்ததையும் அடுத்த வருடம் அதே குழுவினர் காட்டினார்கள். நூற்றில் இருவருக்குக் கூடக்கூடிய, மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்றுக்காக இந்தப் பாதுகாப்பைக் கைவிடுவது எந்தக் கணக்கிலும் இலாபமில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். முதலாவது, "அப்படியானால் பிரஷரைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்கிறீர்களா?" இல்லை. ஆரம்ப நிலையிலேயே குணமான வயதான பெண்களில், புற்றுநோயை விட இதய, இரத்தக் குழாய் நோய்களால் இறப்பவர்களே கூடுதல். டொக்சோரூபிசின், ட்ரஸ்டுசுமாப் ஆகிய புற்றுநோய் மருந்துகளைப் பெற்றவர்களுக்கு இதயம் ஏற்கெனவே சோதனைக்கு உள்ளானது. அதன் மேல் பிரஷரும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். கான்சரோடு பார்க்கையில் பிரஷர் சின்ன விஷயம் என்று தட்டிக்கழிப்பவர்களும் குளிசையை விடச் சொல்பவர்களைப் போலவே பிழை செய்கிறார்கள். மேல் எண்ணை 10 ஆல் இறக்கினால் மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய பெரும் நிகழ்வுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டாவது மறுப்பு, "குளிசைக்கு மேல் குளிசையா? ஒன்றோடொன்று சண்டை பிடிக்காதா?" அம்லோடிப்பின், லொசார்ட்டன், எனலாப்ரில் போன்ற வழக்கமான பிரஷர் குளிசைகளை ஹோர்மோன் குளிசையோடு எடுக்கலாம். தமொக்சிபென்னோடு கவனம் தேவைப்படுவது வார்பரின், சில மனச்சோர்வு மருந்துகள் போன்றவற்றுக்கே. ஹோர்மோன் குளிசை ஒத்துவரவே இல்லையென்றால், ஒரு வகையிலிருந்து மற்ற வகைக்கு மாற்றும் வழியும் உண்டு. அந்த முடிவு புற்றுநோய் வைத்தியருடையது.

உண்மையான கோளாறு வேறோர் இடத்தில் இருக்கிறது. காங்கேசன்துறை வீதியில் கொக்குவிலுக்கு வடக்கே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, தெற்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. புற்றுநோய்க் குளிசை ஒரு பக்கம், பிரஷர்க் குளிசை மறு பக்கம், நோக் குளிசை இடையிலுள்ள பார்மசியில் என்று மூன்று இடத்தில் மருந்து எடுக்கும் பெண்ணின் முழுக் கணக்கு ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. முன்பு மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்க் காத்திருந்த நிலை மாறித் தெல்லிப்பழையில் சிகிச்சை கிடைக்கும் இக்காலத்தில், இந்த இடைவெளியை அடைக்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. குளிசை தொடங்கும் நாளிலேயே பிரஷரை அளந்து கொப்பியில் எழுத வேண்டும். அந்த எண் இல்லாததால்தான் பிறகு எல்லாப் பழியும் குளிசையில் விழுகிறது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் எல்லாக் கொப்பிகளையும், வீட்டிலுள்ள நோக் குளிசை, கைமருந்து உட்பட எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பிரஷர் ஏறினால் அதற்கு வைத்தியம் செய்ய வேண்டும். புற்றுநோய்க் குளிசையை விடச் சொல்லும் உரிமை அதை எழுதித் தந்தவரைத் தவிர வேறு எவருக்கும் இல்லை.