பெரியப்பா தவறவிட்ட திருப்பம்

‘கணினி தெரிந்தவன்’ என்று பெயர் வாங்கிவிட்டால், ஆலயத் திருவிழா நேரத்தில் வீட்டில் சும்மா உட்கார முடியாது. சென்ற ஆண்டு வழிகாட்டிப் பலகைகள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘வாகன நிறுத்துமிடம்’, ‘அன்னதானம்’, ‘முதலுதவி’ என ஆறு பலகைகள். அழகாக இருக்கட்டுமே என்று, கல்யாணப் பத்திரிகையில் வருகிற சுழித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. செயலவையில் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

திருவிழா இரவு, பந்திங்கிலிருந்து காரில் வந்த பெரியப்பா அந்தப் பலகையைத் தாண்டி நேரே நெடுஞ்சாலைக்கே போய்விட்டார். சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பூஜை முடிந்திருந்தது. “ஏம்பா, எனக்குக் கண்ணு போச்சா, உன் எழுத்து போச்சா?” என்று கேட்டார்.

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அதே இரவில், கூட்டத்தில் மயங்கி விழுந்த பாட்டிக்காக ஓடி வந்த ஒரு பையன், ‘முதலுதவி’ பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு “அண்ணா, முதலுதவி எங்கே?” என்று என்னிடமே கேட்டான். பாட்டி நலமாகிவிட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் சாலைப் பலகை எழுத்துகளைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரிட்டனில் 1950களின் இறுதியில் ஜாக் கின்னீர், மார்கரெட் கால்வர்ட் என்ற இருவர் ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற எழுத்துருவை உருவாக்கினார்கள். விமானத் தளம் ஒன்றில் ஆட்களை உட்கார வைத்து, பலகை பொருத்திய காரை அவர்களை நோக்கி ஓட்டி, எவ்வளவு தூரத்தில் படிக்க முடிகிறது என்று சோதித்தார்கள். நம் நாட்டுச் சாலைகளிலும் அந்த எழுத்தைப் பார்க்கலாம். நெடுஞ்சாலைகளில் ‘எல்எல்எம்’ எழுத்து. அது இத்தாலியச் சாலை எழுத்திலிருந்து வந்தது.

அமெரிக்கச் சாலைக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு: ஓர் அங்குல உயர எழுத்துக்கு 30 அடி தூரம். என் பலகையில் எழுத்து 2 அங்குலம். அப்படியானால் 60 அடியில், அதாவது சுமார் 18 மீட்டரில்தான் படிக்க முடியும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதை இரண்டே விநாடியில் கடந்துவிடும். பெரியப்பா மேல் தவறே இல்லை.

சரி, ‘டிரான்ஸ்போர்ட்’ எழுத்துருவையே போட்டுவிடலாம் என்று நிறுவினேன். தமிழில் தட்டச்சு செய்தேன், எழுத்தும் வந்தது. உற்றுப் பார்த்தால், அது விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ‘நிர்மலா’. டிரான்ஸ்போர்ட்டில் தமிழ் எழுத்தே கிடையாது. இப்படி இல்லாதபோது கணினி நம்மிடம் சொல்லாமலேயே வேறோர் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். பெட்டியில் தெரியும் பெயரை நம்பாதீர்கள்.

மலாய், ஆங்கில வரிகளுக்கு நான் இப்போது பயன்படுத்துவது ‘ஓவர்பாஸ்’. அமெரிக்க நெடுஞ்சாலை எழுத்தைத் தழுவி ரெட் ஹேட் நிறுவனத்துக்காக உருவாக்கி, இலவசமாக விடப்பட்டது. தமிழுக்கு ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ அல்லது ‘முக்த மலர்’. மூன்றுமே கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் கிடைக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் பலகையில் அச்சிடத் தடையில்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு ‘இணைமதி’ கணினியிலேயே இருக்கிறது. அதை வடிவமைத்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர்தான்.

எதை எடுத்தாலும் மூன்று சோதனைகள் செய்யுங்கள். ‘ம்’ மேலுள்ள புள்ளி தனியாகத் தெரிகிறதா? ‘ர’வும் துணைக்காலும் குழம்பாமல் இருக்கின்றனவா? ‘ண’வின் சுழிகள் மை கொட்டியதுபோல் அடைத்துக்கொள்ளாமல் இருக்கின்றனவா? தடித்த எழுத்து தூரத்துக்கு நல்லது என்று நினைக்கிறோம். அளவுக்கு மீறித் தடித்தால் முதலில் மறைவது புள்ளிதான்.

நிறுவுவது எளிது. இறங்கிய கோப்பை முதலில் விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே ‘ஸ்டாட்டிக்’ என்ற கோப்புறை இருந்தால் அதிலுள்ளவற்றையே எடுங்கள். பழைய மென்பொருள்கள் மற்றதோடு சண்டை போடும். விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கு, பிறகு ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’. மேக்கில் இருமுறை சொடுக்கி, வரும் பெட்டியில் ‘இன்ஸ்டால்’ என்பதை அழுத்தினால் போதும். பிறகு வேர்டை மூடித் திறங்கள்.

இத்துடன் முடிந்தது என்று நினைத்துத்தான் இன்னொரு முறை ஏமாந்தேன். இந்த ஆண்டு கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன். வந்த மாதிரியில் ‘பெண்கள்’ என்ற சொல்லில் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நின்றது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம். அங்கிருந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது. அவர் கணினியில் என் எழுத்துரு இல்லை, மென்பொருளிலும் இந்திய மொழிகளுக்கான அமைப்பு முடுக்கப்படவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மாதிரி பார்க்காமல் விட்டிருந்தால் அப்படியே தொங்கியிருக்கும்.

அதனால் இப்போது வேர்டு கோப்பை அனுப்புவதில்லை. எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் கோப்பு மட்டும்தான். அதையும் வேறொரு கைப்பேசியில் திறந்து பார்க்கிறேன். பிறகு ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று அம்மாவைப் படிக்கச் சொல்கிறேன். அம்மா தடுமாறினால் எழுத்துருவை மாற்றிவிடுவேன்.

இங்கே சாலைப் பலகைகளில் தமிழ் அபூர்வம். மின் துணை நிலைய வேலியில் ‘அபாயம்’ என்று பார்க்கலாம். மற்றபடி வழியோரத்தில் தமிழ் இருந்தால், பெரும்பாலும் அது ஓர் ஆலயமோ பள்ளியோ சங்கமோ, நம்மவர்கள் வைத்ததுதான். அதைச் சரிபார்க்க வேறு யாரும் வரப்போவதில்லை.

இந்த ஆண்டு 4 அங்குல எழுத்து, வெள்ளையில் கறுப்பு. செயலவையில் “அழகில்லையே” என்றார்கள். பெரியப்பா பூஜைக்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிட்டார். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரை நிறுத்திவிட்டு நேராக அன்னதானப் பந்தலுக்குப் போனார்.