டயக்ராம் எங்கே சார்?

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு வால்வு ரேடியோ தூங்குகிறதா? தாத்தா வாங்கியதாக இருக்கும். வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்த காலத்துச் சமாசாரம். இப்போது சுவிட்சைப் போட்டால் ஒன்று, சத்தமே வராது. இல்லையென்றால் ஊளையிடும். ‘எடைக்குப் போட்டுடலாமா?’ என்று வீட்டில் கேட்பார்கள்.

போடாதீர்கள். அதை ரிப்பேர் செய்ய முடியும். ரெசிஸ்டர், கண்டென்சர் எல்லாம் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வால்வு? இஎல்84 போன்ற வால்வுகளை கிடார் ஆம்ப்ளிஃபயர்களுக்காக இன்றைக்கும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். எல்லாம் கிடைக்கிறது. கிடைக்காதது ஒரே ஒரு காகிதம்தான். சர்க்யூட் டயக்ராம்!

என் செட்டை எழுபது தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். பின்பலகையைக் கழற்றி, தூசியை ஊதினார். பவர் சப்ளை பக்கம் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஷார்ட்டாகி, பக்கத்திலிருந்த ரெசிஸ்டர் கருகிக் கிடந்தது. ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேல் இருக்கும் வண்ணக் கோடுகளை வைத்துத்தான் படிக்க வேண்டும். சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்றால் 220 ஓம். மூன்றுமே சிவப்பு என்றால் 2,200. கருகிவிட்டால் எல்லாமே கறுப்பு!

‘‘குறைச்சலா போட்டா வோல்டேஜ் ஏறி வால்வுக்குக் கேடு. அதிகமா போட்டா செட்டு முனகும். டயக்ராம் கொண்டாங்க தம்பி, பத்து நிமிஷ வேலை’’ என்றார்.

அந்தக் கம்பெனியின் பெயர் இன்னும் கடைகளில் இருக்கிறது. போன் செய்தேன். இரண்டு பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, ‘‘அவ்ளோ பழைய ரெக்கார்டெல்லாம் வெச்சுக்கறதில்ல சார். புதுசு ஒண்ணு வாங்கிக்குங்களேன்’’ என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான்.

ஒரு காலத்தில் டயக்ராம் என்பது ரகசியமே இல்லை. அமெரிக்காவில் ஜான் ரைடர் என்பவர் 1931 முதல் கம்பெனி கம்பெனியாக ரேடியோ சர்க்யூட்களைத் திரட்டி, தடித்தடி வால்யூம்களாகப் போட்டார். இருபதுக்கும் மேல் வந்தன. சில கம்பெனிகள் படத்தை ரேடியோ பெட்டிக்குள்ளேயே ஒட்டி அனுப்பின. தர்ம சிந்தனையால் அல்ல. பக்கத்துத் தெரு மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாத பெட்டியை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மட்டும் என்ன வந்தது? ‘தொழில் ரகசியம்’ என்கிறார்கள். பழைய ரேடியோவில் என்னய்யா ரகசியம்? சூப்பர்ஹெட்டரோடைன் முறையை ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடித்தது 1918ல். அதற்கப்புறம் கோடிக்கணக்கான செட்கள் அதே தத்துவத்தில் பாடிவிட்டன.

அடுத்த சால்ஜாப்பு, ‘கண்டவன் கை வைத்தால் ஷாக் அடிக்கும்’. அடிக்கும்தான். ஏசி/டிசி இரண்டிலும் ஓடும் பழைய செட்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு ஒயர் நேராக உள்ளே இருக்கும் இரும்புத் தட்டிலேயே இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால், குமிழின் ஸ்க்ரூவைத் தொட்டாலே ஆள் காலி! இந்த ஆபத்தை ஒரே பார்வையில் சொல்லிவிடுவது எது? டயக்ராம்தான். அதை ஒளித்து வைத்துக்கொண்டு பாதுகாப்பு பற்றிப் பேசுவது எந்த ஊர் நியாயம்?

‘இன்டர்நெட்டில் தேடலாமே’ என்பீர்கள். தேடினேன். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்க செட்களுக்கு எக்கச்சக்கமாக இருக்கிறது. ஆர்வலர்கள் ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். என் செட் நம் நாட்டில் தயாரானது. அதற்கு ஒரு தாள்கூட அகப்படவில்லை. நம் தாள்கள் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போய்விட்டன.

இது ஏதோ பழைய ரேடியோ பைத்தியங்களின் கவலை என்று நினைக்காதீர்கள். நேற்று நீங்கள் வாங்கிய டி.வி.க்கு டயக்ராம் தந்தார்களா? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘ரிப்பேர் உரிமை’க்காக ஒரு கமிட்டி போட்டது. டிசம்பரில் ஒரு போர்ட்டலும் திறந்தது. நல்ல காரியம். ஆனால், போர்ட்டல் என்பது சட்டம் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல், சில வகைப் பொருட்களை ரிப்பேர் செய்து தருவது தயாரித்தவரின் கடமை என்று சட்டமே போட்டுவிட்டது.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, கம்பெனிகளே, உற்பத்தியை நிறுத்திய மாடல்களின் சர்வீஸ் மேனுவல்களைப் பொது நூலகத்துக்குக் கொடுங்கள். உங்களுக்குக் காலணா நஷ்டமில்லை. இரண்டு, அரசாங்கமே, புதுப் பொருளோடு டயக்ராமும் தர வேண்டும் என்று சட்டம் போடு. மூன்றாவது, உங்களுக்கு. உங்கள் தெருவில் பழைய ரேடியோ கடை ஏதாவது மூடப்போகிறது என்றால், டிரங்குப் பெட்டியில் இருக்கும் தாள்களை எடைக்குப் போடவிடாதீர்கள். வாங்கி, போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

என் ரேடியோ என்ன ஆயிற்று? பெரியவர் ஒரு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டு போய், முழு சர்க்யூட்டையும் ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்துவிட்டார். வால்வு டேட்டா புத்தகத்தைப் பார்த்து, ஓம் விதிப்படி கணக்குப் போட்டு, ரெசிஸ்டரை மாற்றினார். பாடுகிறது! பத்து நிமிஷ வேலைக்கு ஏழு நாள்.

படத்தை ஜெராக்ஸ் எடுத்து, பெட்டிக்குள் ஒட்டியும் கொடுத்தார். ‘‘எனக்கப்புறம் எவனாவது தொறந்து பார்ப்பான்ல, அவனுக்கு’’ என்றார்.

கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.